இடம் மாறிய இழுப்பறைகள்

சிலருக்குக் கையெழுத்தால் பெயர், சிலருக்கு வாயால் பெயர். மருந்துப்பொடிக் கடைக்காரருக்கு மூக்கால் பெயர். கடை வாசலில் அவருடைய அப்பா காலத்துப் பெயர்ப்பலகை ஒன்று தொங்கிக்கொண்டுதான் இருந்தது. அதை நிமிர்ந்து பார்த்துப் படித்தவர் யாருமில்லை. 'மூக்குக்காரர் கடை' என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட வழி காட்டும்.

பெயர் சும்மா வந்துவிடவில்லை. ஒரு சிட்டிகைப் பொடியை உள்ளங்கையில் வைத்து மூக்கருகே கொண்டுபோனால் போதும். என்ன வேர், எந்த வருஷத்து மழையில் விளைந்தது, காயவைத்தவன் வெயிலில் காயவைத்தானா அடுப்படியில் வைத்து ஏமாற்றினானா, மூட்டை வந்த லாரியில் பக்கத்தில் மண்ணெண்ணெய் இருந்ததா, எல்லாம் சொல்லிவிடுவார். மொத்த வியாபாரிகள் அவரிடம் சரக்கைக் காட்டும்போது மருமகன் முன்னால் நிற்கும் மாமனார் மாதிரி கொஞ்சம் வெலவெலத்துத்தான் நிற்பார்கள்.

அந்த மூக்கு செத்து முப்பத்திரண்டு நாள் ஆகியிருந்தது.

நாலு நாள் காய்ச்சல். ஐந்தாம் நாள் காலையில் மனைவி கொடுத்த காப்பி வெறும் சுடுதண்ணீராக இருந்தது. ஏதோ கோபத்தில் இப்படிக் கொடுக்கிறாள் என்று நினைத்து, எதற்குக் கோபம் என்று அரைநாள் யோசித்தார். மத்தியானம் கடையில் வசம்பு டப்பாவைத் திறந்தபோதுதான் விஷயம் புரிந்தது. தலையையே டப்பாவுக்குள் விட்டுப் பார்த்தார். காற்றுதான் வந்தது.

யாரிடமும் சொல்லவில்லை, மனைவியிடம்கூட. பாடுகிறவனுக்குத் தொண்டை கட்டினால் ஊர் அனுதாபப்படும். மூக்குக்காரருக்கு மூக்கு கட்டினால் ஊர் எதிர்க்கடைக்குப் போகும். இந்த நியாயம் வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

முப்பத்திரண்டு நாளை எப்படி ஓட்டினார் என்றால், பாதி நடிப்பு, பாதி அலமாரி. நடிப்பு சுலபம். சரக்கை முகர்ந்து, கண்ணை மூடி, நாலு எண்ணிவிட்டு, "போன வருஷத்துது" என்று சொல்வார். எந்த வியாபாரி முகமும் அதைக் கேட்டால் சுருங்கும், ஏனென்றால் எந்த மூட்டையிலும் போன வருஷத்துச் சரக்கு கொஞ்சமாவது கலந்துதான் இருக்கும். அலமாரி அதைவிடச் சுலபம். ஆறு வரிசை, வரிசைக்கு ஆறு இழுப்பறை, முப்பத்தாறிலும் பொடி. ஒன்றிலும் பெயர் கிடையாது. பெயர் எழுதினால் வாங்க வருகிறவன் நின்று படித்துவிட்டுப் போய் நாளைக்கே ஒரு கடை வைத்துவிடுவான் என்பது அவர் அப்பாவின் சட்டம். முப்பது வருஷப் பழக்கத்தில் கை தானாகப் போய்த் தானாகத் திரும்பும். அந்தக் கையை நம்பி மூக்கு இல்லாமலே கடை நடந்தது.

இதற்கு நடுவே சரக்கெடுக்க இரண்டு நாள் வெளியூர் போனார். அந்த இரண்டு நாளில் மனைவியின் தம்பி அலமாரிக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்து வைத்திருந்தான். மைத்துனன் இரண்டு வேலைகளுக்கு நடுவில் சற்றே இளைப்பாறிக்கொண்டிருந்தான். இளைப்பாறல் மூன்றாம் வருஷத்தில் இருந்தது. சும்மா சாப்பிடுகிறானே என்று யாரும் சொல்வதற்குமுன் அவனே ஏதாவது உபகாரம் செய்துவிடுவான். வீட்டில் எல்லோரும் பயப்படுவது அந்த உபகாரத்துக்குத்தான்.

திரும்பி வந்த காலையில் கடைக்காரர் பச்சை அலமாரியைப் பார்த்தார். கண் கொஞ்சம் கூசியது. நன்றாக இருக்கிறது என்று சொல்லிவைத்தார். கல்லாவில் உட்கார்ந்ததும் முதல் ஆளாகத் தபால்காரம்மா வந்து நின்றாள்.

அவளுக்குப் பத்து வருஷமாக ஒற்றைத் தலைவலி. வெயிலில் தெருத்தெருவாக அலைகிற உத்தியோகம். வாரத்துக்கு ஒரு பொட்டலம் தலைப்பற்றுப் பொடி வாங்குவாள். சாயங்காலம் வீட்டுக்குப் போய்த் தண்ணீரில் குழைத்து நெற்றியில் பற்றுப்போடுவாள். கொசுறு வாங்காமல் படி இறங்க மாட்டாள். கடைக்காரர் கை மூன்றாம் வரிசை ஐந்தாம் இழுப்பறைக்குப் போனது. பொடி அடியில் கொஞ்சமாகத்தான் கிடந்தது. இதுவும் போன வாரப் பொடிதானே என்று அவள் சந்தேகப்பட்டாள். வழக்கம்போல முகர்ந்து, கண்ணை மூடி, நாலு எண்ணி, இல்லை, புதுசு என்றார். இழுப்பறையைப் பொட்டலத்தில் அப்படியே கவிழ்த்து, துணியால் துடைத்து, கொசுறு போதுமா என்று காட்டினார். "பெயிண்ட் நாத்தம் தாங்கலண்ணே, அதுவே தலையைப் பொளக்குது" என்று சொல்லிக்கொண்டே அவள் சைக்கிளில் ஏறினாள். ஆமாம் ஆமாம் என்று இவரும் மூக்கைச் சுளித்து வைத்தார்.

அடுத்து வந்தவர் டீக்கடைக்காரர். சுக்குப்பொடி கேட்டார். முதல் வரிசை இரண்டாவது. பொட்டலத்தைக் கையில் வாங்கியவர் ஒரு தடவை முகர்ந்தார், சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தார், முகம் கோணியது.

"அண்ணே, இது கடுக்காய். இதைப் போட்டு டீ குடுத்தா, நாளைக்கு எவனும் வரமாட்டான். வீட்டை விட்டே வெளிய வரமாட்டான்."

உங்களைச் சோதித்துப் பார்த்தேன், உங்கள் நாக்கு இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது என்று சிரித்துச் சமாளித்து அவரை உட்காரவைத்தார். நாலைந்து இழுப்பறைகளைத் திறந்தார். எல்லாம் பொடி, எல்லாம் மண் நிறம். இளம் மண், செம்மண், ஈர மண். அவ்வளவுதான் வித்தியாசம். உள்ளே பார்த்து மைத்துனனைக் கூப்பிட்டார்.

"மாப்ளே, பெயிண்ட் அடிச்சப்புறம் இழுப்பறையெல்லாம் பழைய இடத்துலதான வச்சே?"

"எங்க மாமா போச்சு. பெயிண்ட் தடிச்சுப்போய்ப் பாதி உள்ளயே போகல. எது எதுல வழுக்கிட்டுப் போச்சோ அதுல வச்சிட்டேன். இப்ப இழுத்துப் பாருங்க, வெண்ணெய் மாதிரி வரும்."

"எது எதுன்னு எப்படிய்யா தெரியும்?"

"உங்களுக்குத் தெரியாதா? அரை நாள் மோந்து பாத்தா முடிஞ்சுது."

உலகத்திலேயே நியாயமான பதில் அது. அதற்கு மேல் அவனைத் திட்ட வழியில்லை. திட்டினால் காரணம் சொல்ல வேண்டியிருக்கும்.

மண்டைக்குள் மணி அடித்தது தபால்காரம்மாவை நினைத்தபோதுதான். முப்பத்தாறில் கொடிவேலி வேர்ப்பொடி ஒன்று உண்டு. பெரிய அனுபவக்காரர்கள் அளந்து கேட்டால் மட்டும் கொடுப்பது. தோலில் பட்டால் பொத்துவிடும். அதைக் குழைத்து நெற்றியில் பூசினால் கண்ணுக்கு மேலே ஒரு கொப்புளம் அப்பளம் மாதிரி எழும்பும். அவள் முகத்தைத் தினமும் ஊரிலுள்ள அத்தனை வாசலும் பார்க்கும். கண் போனால் என்ன ஆகும் என்று அவர் நினைக்கவே விரும்பவில்லை.

ஓடிப்போய், பூசாதே என்று சொன்னால் முடிந்தது. ஏன் என்று கேட்பாளே. மூக்குக்காரர் மோந்து பார்த்துத்தானே கொடுத்தார் என்பாளே. அந்த ஒரு கேள்விக்குப் பயந்து, சாயங்காலம்தானே பூசப்போகிறாள், அதற்குள் கண்டுபிடித்துவிடலாம் என்று தன்னைத்தானே தாஜா செய்துகொண்டார்.

கண்டுபிடிப்பதும் ஒன்றும் பெரிய வித்தையில்லை என்றுதான் முதலில் பட்டது. அவளுக்குக் கொடுத்த இழுப்பறை காலி. மிச்சமுள்ளவற்றில் கொடிவேலி எங்காவது இருந்துவிட்டால், அவளிடம் போனது அது இல்லை. எல்லாவற்றையும் திறந்து வரிசையாக வைத்தார். வைத்ததும் கணக்கு உதைத்தது. ஊருக்குப் போகும்போதே வசம்பு தீர்ந்து ஓர் இழுப்பறை காலியாக இருந்தது. தபால்காரம்மாவுக்குக் கவிழ்த்ததோடு இரண்டு காலி இருக்க வேண்டும். ஒன்றுதான் இருந்தது. இரண்டு தடவை எண்ணினார். இல்லாத பொடி ஒன்று எங்கிருந்தோ முளைத்து வந்து உட்கார்ந்திருந்தது. மைத்துனனைக் கேட்கலாம் என்று திரும்பினால், உபகாரம் முடிந்த களைப்பில் அவன் குளிக்கப் போயிருந்தான்.

மற்றவர்களின் மூக்கைக் கடன் வாங்கிப் பார்த்தார். மனைவியிடம் ஒரு சிட்டிகையை நீட்டி, இது என்ன வாசனை வருகிறது சொல், சும்மா ஒரு விளையாட்டு என்றார். இருபது வருஷத்தில் விளையாடாத மனிதர் விளையாடுகிறாரே என்று அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கல்யாணத்துக்கு முன்னால் எங்கள் வீட்டு பீரோ வாசனை என்றாள். அந்த பீரோவை அவர் பார்த்ததுகூட இல்லை. அடுத்த சிட்டிகை பக்கத்து வீட்டு மச்சினி வாசனையாம். உட்கார்ந்திருந்த டீக்கடைக்காரரிடம் அதே இரண்டையும் நீட்டினால், முதலாவது நனைந்த குடை, இரண்டாவது பரீட்சை எழுதிய ஹால். ஒருவர் மூக்கில் ஏறுவது இன்னொருவர் வாயில் வேறாக வருகிறது. கேட்கக் கேட்க, தெரிந்த ஒன்றிரண்டும் மறந்துபோனதுதான் மிச்சம். டீக்கடைக்காரர் சுக்கு வேண்டாமென்று எழுந்து போனார்.

நாக்கு பாக்கி இருந்தது. வாசனை போனாலும் கசப்பும் காரமும் துவர்ப்பும் அவருக்குத் தெரிந்தன. ஒவ்வொன்றாக நாக்கில் வைத்துத் துப்பினார். பாதிக்குமேல் கசப்பு, அவை கொடிவேலி இல்லை. இனித்தவையும் துவர்த்தவையும்கூட அது இல்லை. சுரீரென்று ஏறியவை ஐந்து. ஐந்தில் ஒன்று சுக்கு, ஒன்று மிளகு, ஒன்று திப்பிலி, ஒன்று அக்கரகாரம். மிச்சம் ஒன்று கொடிவேலியாக இருக்க வேண்டும். அல்லது அந்த முளைத்து வந்த பொடியாக இருக்க வேண்டும். ஆனால் அதற்குள் நாக்கு மரத்துப்போய்ச் செருப்புத்தோல் ஆகிவிட்டது. ஐந்தும் ஒன்றாகவே இருந்தன.

கடைசியில் அவர் அப்பா செய்து பார்த்த ஒரு வழி ஞாபகம் வந்தது. ஐந்தையும் தண்ணீரில் குழைத்து, முழங்கைக்குக் கீழே உட்புறத்தில் ஐந்து பொட்டு வைத்துக்கொண்டார். எது பொத்துகிறதோ அது கொடிவேலி. ஒரு பொட்டும் பொத்தாவிட்டால் அது தபால்காரம்மாவின் பையில் இருக்கிறது. பார்க்க எளிய பரீட்சைதான். ஒரே கோளாறு, ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ காத்திருக்க வேண்டும். கடிகாரம் பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியாமல், பொட்டலத்தை எப்படியாவது திரும்ப வாங்கிவிடுவது என்று தபாலாபீசுக்குக் கிளம்பினார். சொல்லப் பொய்யும் தயார்: வேர் கொஞ்சம் ஈரம் பாய்ந்தது, புதுசு இடித்துத் தருகிறேன்.

வெயில் மண்டையைப் பிளந்தது. பாதி வழியில் கை எரிய ஆரம்பித்தது. சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது. கொடிவேலி கையில்தான் இருக்கிறது, அவளிடம் இல்லை. சட்டைக் கையை ஏற்றிப் பார்த்தார். வியர்வையில் ஐந்து பொட்டும் வழிந்து ஒரே சேறாகியிருந்தது. எரிவது கொடிவேலியா, மிளகா, வெறும் வெயிலா? மிளகும் எரியும். வெயிலும் எரியும். சந்தோஷம் வந்த வேகத்திலேயே திரும்பிப் போனது.

தபாலாபீசுக்குள் நுழைந்ததும் துக்க வீட்டுக்குள் வந்துவிட்டோமோ என்று நினைத்தார். ஸ்டாம்ப் விற்பவர் கைக்குட்டையால் மூக்கை அழுத்திப் பிடித்திருந்தார். கட்டு கட்டுபவர் சட்டைக் காலரைக் கண் வரை ஏற்றியிருந்தார். வரிசையில் நின்ற இரண்டு பேர் முந்தானையும் துண்டுமாக இருந்தார்கள். தெருப்பெயர் எழுதிய தபால் அறைகளின் முன்னால் தபால்காரம்மா மட்டும் சௌகரியமாக உட்கார்ந்து கடிதம் பிரித்துக்கொண்டிருந்தாள். அவள் நெற்றி முழுக்க மண் நிறத்தில் பற்று. காய்ந்து வெடித்திருந்தது.

அதைப் பார்த்ததும் தயாரித்து வந்த பொய் மறந்துவிட்டது. பேச்சைத் தொடங்க ஏதாவது வேண்டுமே என்று வாயில் வந்ததைக் கேட்டார்.

"என்ன தங்கச்சி, ஆபீஸ் பூரா சளியா?"

ஸ்டாம்ப் விற்பவர் கைக்குட்டையை எடுத்துவிட்டு அவரைப் பார்த்தார். உடனே திரும்ப வைத்துக்கொண்டார். தபால்காரம்மா கையிலிருந்த கடிதங்களைக் கீழே வைத்தாள்.

"அண்ணே, உங்களுக்கு ஒண்ணும் தெரியலையா?"

"என்ன தெரியணும்?"

அவள் மேஜைக்கடியில் இருந்த கூடையைக் காலால் தள்ளினாள். ஈரமான அட்டைப் பெட்டி, உள்ளே உடைந்த கண்ணாடி. யாருக்கோ வந்த செண்ட் பாட்டில் பார்சல், ஒரு டஜன். "பத்தரைக்கு உடைஞ்சுது. தெருவுல போற நாயே ரெண்டு வீடு தள்ளிச் சுத்திப் போகுது. இந்த நாத்தத்துல வலி தாங்காமத்தான் மத்தியானமே பத்து போட்டேன்."

அவர் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அவளுக்கு விளங்கிவிட்டது. மற்றவர்கள் காதில் விழாதபடி குனிந்து கேட்டாள்.

"எத்தன நாளா?"

"முப்பத்திரண்டு."

"அண்ணிக்குத் தெரியுமா?"

இல்லை என்று தலையை ஆட்டினார். காலையில் கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தாரே, அது என்ன என்று கேட்டாள். அது பழக்கம் என்றார். பிறகு அவள் கை மெதுவாக நெற்றிக்குப் போனது.

"அப்ப இது என்ன?"

"தெரியல தங்கச்சி. சரியான பொடியாவும் இருக்கலாம். தோலை உரிச்சுடற பொடியாவும் இருக்கலாம். முதல்ல கழுவிடு. நான் காலையிலயே வந்து சொல்லியிருக்கணும். வெக்கமா இருந்துச்சு."

வலி சுத்தமாகப் போய்விட்டதே என்று முனகிக்கொண்டே அவள் குழாயடிக்குப் போனாள். அவரே தண்ணீர் ஊற்றினார். பற்று கரைந்து இறங்க இறங்க, அவருடைய உயிரும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. நெற்றி சிவக்கவில்லை, பொத்தவில்லை. ஆனால் கழுவிப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, அவள் புருவத்தைப் பிடித்துக்கொண்டாள். வலி திரும்பிவிட்டது. பத்து வருஷமாக எந்தப் பொடியும் இவ்வளவு சீக்கிரம் கேட்டதில்லை, இது கேட்டது, அதை ஏன் கழுவச் சொன்னீர்கள் என்று இப்போது அதற்கும் அவரையே முறைத்தாள்.

அந்த நேரத்தில் மைத்துனன் வந்து சேர்ந்தான். கடையைத் திறந்துபோட்டு முதலாளி ஓடிவிட்டார் என்று அக்கா சொன்னதால், கடையைப் பூட்டிச் சாவியைக் கொடுக்க வந்தானாம். மேஜைமேல் விரித்துக் கிடந்த பொட்டலத்தில் மிச்சப் பொடியைப் பார்த்ததும் விரலால் தொட்டுப் பார்த்தான்.

"மாமா, இது எப்படி இங்க வந்துச்சு? இது நான் உப்புத்தாள் போட்டு அலமாரியைத் தேச்ச தூளாச்சே. காலி இழுப்பறையில கூட்டி வச்சேன். கொட்டணும்னு இருந்தேன், மறந்துட்டேன்."

முளைத்து வந்த பொடி அதுதான். கணக்கு நேரானது. மற்றதெல்லாம் கோணலாகியது. எழுபது வருஷமாக முப்பத்தாறு மருந்தையும் உறிஞ்சிக்கொண்டு நின்ற மரத்தின் தூள். அதில் எது வேலை செய்தது? எல்லாம் சேர்ந்தா? ஒன்றுமே இல்லாமல், பழைய மரத்தின் வாசனை செண்ட் வாசனையை மறைத்ததாலா? நெற்றியில் ஏதோ ஈரமாக இருந்ததாலா? கடைக்காரர் பொட்டலத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மைத்துனனைப் பார்த்தார்.

தபால்காரம்மாவுக்கு அந்தக் குழப்பம் எதுவும் இல்லை. தூளாக இருந்தால் என்ன, தோல் போகாதே என்று ஒரு தடவை கேட்டுக்கொண்டு, மிச்சத்தைத் தண்ணீர் விட்டுக் குழைக்க ஆரம்பித்தாள். அவர் தடுத்தார். பழைய வார்னிஷ் இருக்கும், என்னென்னவோ இருக்கும், எனக்கே தெரியாததை நெற்றியில் பூசாதே என்றார். தெரிந்ததைப் பூசிப் பத்து வருஷம் ஆயிற்று என்று சொல்லி, இரண்டு சிட்டிகையை மட்டும் பொட்டலத்தில் விட்டுவைத்து, குழைத்ததைப் பூசிக்கொண்டாள் அவள்.

சாயங்காலம் வேலை முடிந்ததும் கோந்து பாட்டிலும் பழைய படிவங்களின் கட்டும் எடுத்துக்கொண்டு நேரே கடைக்கு வந்தாள். பெயர் எழுதாத அறையில் எப்படிப் பிரித்துப் போடுவது, அதைக் கேட்டதிலிருந்து விட்டுப்போன தலைவலி திரும்ப வந்துவிடும்போல இருக்கிறது என்றாள். பெயிண்ட் வாடை எட்டாத கொல்லைப்பக்கம் இழுப்பறைகளைக் கொண்டுபோய்ப் பரப்பினார்கள். மனைவிக்கு அங்கேதான் விஷயம் தெரிந்தது. அழப்போகிறாள் என்று எதிர்பார்த்தார். அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"முப்பது நாளா சாப்பாட்டுல ஒரு குத்தமும் சொல்லலையேன்னு, மனுஷன் திருந்திட்டாருன்னு நெனச்சேன். ரெண்டு வீட்டுல பெருமையா வேற சொல்லிட்டேன்."

பிறகு வேலை ஓடியது. மூக்கை மறைக்க வேண்டிய அவசியம் போனதும் கேள்வி நேராக வந்தது. பீரோ என்றால் துணிக்கு நடுவில் அம்மா என்ன போட்டு வைத்திருந்தாள் என்று கேட்டார்; வெட்டிவேர் என்றாள். மச்சினி தலைக்கு என்ன தேய்ப்பாள் என்றார், பூலாங்கிழங்கு. மனைவி முகர்ந்தாள், அவர் நாக்கில் வைத்தார், தபால்காரம்மா எழுதி ஒட்டினாள். தலைப்பற்றுப் பொடி ஆறாம் வரிசையில் இருந்தது. பொழுது சாய்வதற்குள் அவர் கையிலும் கொப்புளம் ஒன்று எழும்பியிருந்தது, மூன்றாம் பொட்டுக்கும் நாலாம் பொட்டுக்கும் நட்ட நடுவில். எது என்று எவ்வளவு பார்த்தும் பிடிபடவில்லை. அந்த இரண்டு இழுப்பறைப் பொடியையும் குழி தோண்டிக் கொட்டினார்கள்.

கடைசியில், பொடி உள்ளவற்றில் மூன்றாம் வரிசை ஐந்தாவது மட்டும் பெயரில்லாமல் இருந்தது. அதில் அவள் எடுத்து வைத்திருந்த இரண்டு சிட்டிகை கிடந்தது. அவள் 'அலமாரித் தூள்' என்று எழுதி ஒட்டினாள். இது மருந்தே இல்லை, எப்படிக் கேட்கிறது என்று எனக்கே புரியவில்லை, இதற்குச் சீட்டு எதற்கு என்று அவர் வாதாடினார்.

"உள்ள என்ன இருக்குன்னுதான் சீட்டு அண்ணே. ஏன் கேக்குதுன்னு எழுத இதுல இடம் இல்ல."

மறுநாள் காலை டீக்கடைக்காரர் வந்தார். அப்பா பயந்தபடியே, முதல் வரிசையிலிருந்து ஒவ்வொரு சீட்டாக நின்று நிதானமாகப் படித்தார். மூக்கு விஷயம் அவருக்கும் எட்டியிருந்தது. எதிர்க்கடைக்குப் போகாமல் இங்கேதான் வந்தார். சுக்குப்பொடியைத் தானே மோந்து பார்த்து வாங்கிக்கொண்டார். போகும்போது மூன்றாம் வரிசையைக் காட்டி, தபாலாபீசில் எல்லோரும் பேசிக்கொள்கிறார்கள், அதில் கொஞ்சம் கிடைக்குமா என்றார்.

அது மருந்தில்லை, மரம் என்றார் கடைக்காரர். சரி, அந்த மரத்தில்தான் கொஞ்சம் என்றார் அவர். கடைக்காரர் கல்லாவில் உட்கார்ந்து யோசித்தார். அலமாரியின் பின்பக்கத்துக்குப் பெயிண்ட் அடிக்கவில்லை என்று மைத்துனன் நேற்றே சொல்லியிருந்தான். அவன் உள்ளேயிருந்து உப்புத்தாளோடு வந்து நிற்பதையும் பார்த்தார். வேண்டாம் என்று சொல்வதா, தேய் என்று சொல்வதா என்று தெரியாமல், பழக்கத்தில் அந்த இரண்டு சிட்டிகையை எடுத்து மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடி, நாலு எண்ணினார்.